தண்ணீருக்கு முன்னால் சுமையா

"பாப்பாவுக்கு மருந்து எதுவும் எழுதப் போறதில்ல" என்றார் டாக்டர் விண்ணரசி. சஃபியாவுக்கு நெஞ்சு லேசாயிற்று. அது முழுதாக லேசாவதற்குள் அவர் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"மாற வேண்டியது நீங்க ரெண்டு பேரும்தான்."

சளிக்காகத்தான் மகளை மன்னார்குடிக்குக் கூட்டி வந்திருந்தார்கள். டாக்டர் சளியை ஒரு நொடியில் முடித்துவிட்டு, சுமையாவை நிறுத்தி உயரம் பார்த்தார், எடை பார்த்தார், போன வருஷத்து அட்டையை எடுத்து வைத்து ஒப்பிட்டார். ஐந்து வயதுப் பிள்ளையின் எடை, உயரத்தை எங்கோ பின்னால் விட்டுவிட்டுத் தனியே ஏறிக்கொண்டிருந்தது.

சஃபியாவின் கணவன் நெய்னா முகம்மதுவுக்கு ரோஷம் வந்தது. ஷார்ஜாவிலிருந்து நீண்ட விடுப்பில் வந்திருந்தவன் அவன். "எங்க வம்சமே நல்ல உடம்புதான் டாக்டரம்மா. பிள்ளை புஷ்டியா இருக்கறதுல என்ன தப்பு?"

"தப்புன்னு யார் சொன்னா? இது வியாதி இல்ல. வியாதி ஆகாமப் பார்த்துக்கற வயசு இதுதான், அதைத்தான் சொல்றேன். எடையைக் குறைக்கக்கூட வேணாம். இதுக்கு மேல வேகமா ஏறாமப் பார்த்துக்கிட்டா உயரம் வந்து சரி பண்ணிடும்."

"அப்ப சாப்பாட்டைக் கொறைக்கணுமா?" என்று கேட்டாள் சஃபியா.

"அவ தட்டுல கை வைக்காதீங்கம்மா. உங்க தட்டை மாத்துங்க. நீங்க கலர் குடிச்சுக்கிட்டு அவளுக்குத் தண்ணியைக் குடுத்தா அவளுக்கு அது தண்டனை. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. டி.வி.யை அணைச்சுட்டு ஒண்ணா உட்காருங்க. போதும்னு அவ சொன்னா விட்டுடுங்க. சாயங்காலம் ஒண்ணா ஓடியாடுங்க. அப்புறம் இன்னொண்ணு, குண்டுங்கற வார்த்தை வீட்டுல யார் வாயிலேயும் வரக்கூடாது. செல்லமாக்கூட."

பஸ்ஸில் ஊர் திரும்பும்போது நெய்னா சிரித்துக்கொண்டே வந்தான். "ஒண்ணா ஓடியாடணுமாம்! நம்ம தெருவுல நீயும் நானும் ஓடினா, திருடன் வந்துட்டான்னு மத்தவங்களும் சேர்ந்து ஓடுவாங்க." இறங்கியதும் கடைத்தெருவில் நின்று மகளுக்கு ஒரு பெரிய பாட்டில் கலர் வாங்கிக் கொடுத்தான். இரண்டு வருஷமாகப் பார்க்காத பிள்ளை. கேட்பதையெல்லாம் வாங்கித் தருவதைத் தவிர, அவளிடம் தன் பாசத்தைச் சொல்ல அவனுக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை.

கோரையாற்றை ஒட்டிய பரவாக்குளம் அவர்கள் ஊர். ஆட்சி மாறிய கோடை அது. டீக்கடைப் பேப்பர்களில் தினமும் நில அபகரிப்புச் செய்தி. வயல்களில் நெல்லுக்குப் பதிலாக வெள்ளையடித்த மனைக் கற்கள் முளைத்திருந்தன. நெய்னாவின் அக்கா கமருன்னிஸா பக்கத்து வீட்டில் இருந்தாள். மாலையானால் சுடச்சுட இறால் வைத்த வாடாவோ சமோசாவோ தட்டில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்துவிடுவாள். சுமையா கார்ட்டூன் பார்த்தபடியே வாயைத் திறப்பாள். மாமி என்று அவள் கூப்பிடும் கமருன்னிஸா ஊட்டுவாள். வயிறு நிறைந்ததா என்று இருவருக்குமே தெரியாது.

டாக்டர் சொன்னதைச் சஃபியா சொன்னபோது கமருன்னிஸா கொதித்துப் போனாள். "பெத்த பிள்ளையைப் பட்டினி போடச் சொல்றாளா ஒரு டாக்டர்? என் தம்பி யாருக்காகச் சம்பாதிக்கறான்?"

சஃபியா தட்டைக் கழுவ எழுந்து போனாள். எதிர்த்துப் பேசியிருந்தாலும் நெய்னா அக்கா பக்கம்தான் நின்றிருப்பான்.

அவனைத் திருப்பியது வேறொன்று. பள்ளிக்கூடத்தில் கோடை லீவுக்கு முன் நடந்த விளையாட்டு விழா முடிந்து சுமையா குதித்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் பெருமை.

"அத்தா! இன்னைக்கு எனக்கு முக்கியமான வேலை!"

"என்ன ஓட்டம்மா ஓடினே?"

"நான் ஓடல. எல்லாரும் ஓடினாங்க. நான் அவங்க செருப்பையெல்லாம் பாத்துக்கிட்டேன். ஒண்ணுகூடத் தொலையல. மிஸ் எனக்குத்தான் அந்த வேலையைக் குடுத்தாங்க. போன வருஷமும் எனக்குத்தான்!"

நெய்னா சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. பிள்ளைக்கு வருத்தமே இல்லாததுதான் அவனைக் குத்தியது. ஓடுவது மற்றவர்கள் வேலை, உட்கார்ந்திருப்பது தன் வேலை என்று இந்த வயதிலேயே அவள் நம்பியிருந்தாள். அவன் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். உள்ளே இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் கவிழ்த்தான். கலர் நுரைத்துக்கொண்டு சாக்கடையில் ஓடியது.

"மச்சான், என்ன பண்றீங்க?" என்று ஓடி வந்தாள் சஃபியா.

"நாம நடக்கப் போறோம். இன்னைக்கே. துப்பட்டியைப் போட்டுக்கிட்டு வா."

அன்று சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்று பேரும் கிளம்பினார்கள். தெருவின் கடைசி வீட்டைத் தாண்டினால் கீழவாய்க்கால். கோரையாற்று மதகில் பிரிந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு, கடைமடை வயல்கள் வரை போகிற வாய்க்கால். கோடையில் அது வெறும் மணல். அதன் கரைதான் ஊரில் நடக்கத் தோதான இடம். காற்று வரும், வண்டி வராது.

முதல் நாள், வாய்க்கால் திரும்பும் ஒதியமர வளைவு வரைகூடப் போக முடியவில்லை. சுமையா பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். நெய்னாவும் உட்கார்ந்துவிட்டான்! மூச்சு வாங்கிய இரண்டு பேரையும் பார்த்துச் சஃபியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும். வாய்க்கால் மணலில் இறங்கினால் கிளிஞ்சல் கிடைத்தது, நண்டு வளை கிடைத்தது. நெய்னா நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடிக் காட்டுவான், சுமையா துரத்துவாள். வீட்டில் சாப்பாடு தரையில் பாய் விரித்து நடந்தது. டி.வி.மேல் சஃபியா ஒரு பூப்போட்ட துணியைப் போட்டு மூடினாள். அது இலகுவாக நடக்கவில்லை. முதல் வாரம் சுமையா அழுது உருண்டாள், ஒருநாள் முருங்கைக்கீரைக் கிண்ணத்தையே தட்டிவிட்டாள். நெய்னாவும் நடுவில் ஒருமுறை கடைத்தெருவில் ஒளிந்து நின்று பரோட்டா தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். சால்னா வாசனை காட்டிக் கொடுத்தது.

"அத்தா மட்டும் தின்னாங்க!" என்று சுமையா கத்தினாள்.

"தப்புத்தான்மா. நாளையிலேர்ந்து தின்னா மூணு பேரும் சேர்ந்து தின்போம், இல்லேன்னா யாருக்கும் இல்ல" என்று அவன் காதைப் பிடித்துக்கொண்டான்.

கரையில் அவர்களைத் தினமும் பார்த்தவள் அம்சவல்லி. கடைமடையில் அவளும் கணவன் காத்தானும் குத்தகைக்குப் பயிர் செய்தார்கள். கோடையில் அவள் கீரை விற்பாள். "என்னக்கா, தெனம் எங்க போறீங்க?" என்று கேட்டாள். "சும்மா நடக்கிறோம்" என்றாள் சஃபியா. சும்மா நடப்பது என்பது அம்சவல்லிக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் மறுநாள் தன் பிள்ளைகளைக் கூட்டி வந்து சுமையாவோடு ஓட விட்டாள். பிறகு தெருப் பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். மருந்து மாத்திரையில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள், பேச ஆள் இல்லாதவர்கள், வளைகுடாக் கணவன்மார்களின் போனுக்காகக் காத்திருந்தவர்கள். வெள்ளைத் துப்பட்டிகள் வரிசையாகக் கரையில் போவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் கொக்குக் கூட்டம் மாதிரி இருக்கும். கடைசியாகக் கமருன்னிஸாவும் வந்தாள், "சஃபியா பிள்ளையை எங்க இழுத்துக்கிட்டுப் போறான்னு பார்க்கத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே. அந்த வாரத்திலிருந்து கொல்லைப்பக்கம் வந்த தட்டில் சமோசா இல்லை, நுங்கும் வேகவைத்த வேர்க்கடலையும் இருந்தன.

நோன்புக்கு இன்னும் நாள் இருந்தது. மறுபடி மன்னார்குடி. டாக்டர் விண்ணரசி சுமையாவை நிறுத்திப் பார்த்தார். எடை ஏறவே இல்லை. உயரம் ஏறியிருந்தது. "எப்படிம்மா?" என்று அவர் கேட்க, "நான் நண்டு புடிக்கிறேன்!" என்றாள் சுமையா. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பஸ்ஸில் சஃபியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊர் வரும்வரை பக்கத்து சீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள்.

அன்று மாலை கரைக்குப் போனவர்கள் திகைத்து நின்றார்கள்.

ஒதியமர வளைவுக்கும் வயல்களுக்கும் நடுவில் வாய்க்காலைக் காணோம். லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, வாய்க்காலின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் குறுக்கே மேடு போட்டிருந்தார்கள். கரைப் பாதையில் முள்கம்பி. அந்தப் பக்கம் புது மனைகள், கலர் கொடிகள். மனை போட்டவர் சாமிதுரை. ஆட்சி மாறிய மறுநாளே வேட்டியின் கட்சிக் கரையை மாற்றிக்கொண்டவர் என்று ஊரில் அவரைச் சொல்வார்கள். மனைக்கு வண்டி போக வழி வேண்டும். பாலம் கட்டினால் நாளாகும். மண்ணைப் போட்டால் வழி.

நெய்னா போய்க் கேட்டான். "நடக்கணும்னா ரோட்டுல நடங்க பாய்" என்றார் சாமிதுரை. "வாய்க்கால்ல தண்ணி வந்தா பார்த்துக்கலாம்."

காத்தான் மேட்டைக் காட்டிச் சொன்னான். "தண்ணி வந்தப்புறம் என்னத்தைப் பாக்கறது? மேடு தாண்டி எங்க வயலுக்கு ஒரு சொட்டு வராது. முட்டுன தண்ணி திரும்பி உங்க தெருவுக்குள்ளதான் பாயும்." தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் எல்லாருமாகப் போய் மனுக் கொடுத்தார்கள். விசாரிக்கிறோம் என்றார்கள். மண் அப்படியே இருந்தது.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. மேட்டூர் திறந்தாயிற்று! ஜூன் மாதத்திலேயே! டெல்டா முழுக்க ஒரே பேச்சு. கல்லணைக்கு வந்துவிட்டது, வெண்ணாற்றில் விட்டார்கள், கோரையாற்றில் மணல் நனைந்துவிட்டது என்று ஆளுக்கு ஆள் போன். மதகைத் திறந்து மூடும் லஸ்கர் இளையபெருமாள் சைக்கிளில் வந்து தெருமுனையில் நின்று கத்தினார்: "நாளைக்குக் காலையில கீழவாய்க்காலுக்கு விடுறேன். வாய்க்கால் சர்க்காருது. தண்ணி விடுறது என் வேலை. நடுவுல யாரு என்ன வச்சிருந்தாலும் எனக்குத் தெரியாது!"

விடிந்ததும் மேட்டடியில் ஊரே நின்றது. காத்தானும் அவன் ஆட்களும் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள். நெய்னா கைலியை மடித்துக் கட்டி ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். துப்பட்டிக்காரப் பெண்கள் அன்னக்கூடைகளோடு வரிசையில் நின்று மண்ணைக் கைமாற்றினார்கள். வரிசையின் முதலில் கமருன்னிஸா! "சீக்கிரம், சீக்கிரம்! கூடை காலியா நிக்குது பாரு!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆண்கள் இன்னும் வேகமாக வெட்டினார்கள்.

மேட்டில் பாதி குறைவதற்குள் வெள்ளைக் கார் வந்து நின்றது. சாமிதுரை இறங்கினார். அவர் சண்டை போடவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, மேட்டின் உச்சியில் நடுநாயகமாகப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வெட்டுங்க பார்க்கலாம். என்மேல மண்வெட்டி பட்டா கொலை கேஸ்."

எல்லார் கையும் நின்றது. காத்தான் பல்லைக் கடித்தான். கமருன்னிஸா கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உட்காருங்க தம்பி, நல்லா உட்காருங்க. உங்களை யாரு தொடப்போறா? ரெண்டு பக்கமும் வெட்டுறோம். நடுவுல உள்ளதைத் தண்ணி வெட்டிக்கும். அதுமேல கேஸ் போட்டுக்குங்க."

சிரிப்பு வெடித்தது. மண்வெட்டிகள் மறுபடி இறங்கின. இப்போது ஒரே கவலை, தண்ணீர் எப்போது வரும் என்பதுதான். பள்ளத்தில் ஆட்கள் நிற்கும்போது வந்துவிட்டால்? வளைவுக்கு அப்பால் வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாது.

"நான் போய்ப் பாக்கறேன். வந்ததும் ஓடி வந்து சொல்றேன்" என்றாள் சஃபியா.

"நானும்!" என்று சுமையா அவள் கையைப் பிடித்தாள்.

இருவரும் கரையோடு ஒதியமர வளைவைத் தாண்டிப் போய் நின்றார்கள். வாய்க்கால் மணல் வெயிலில் மின்னியது. எங்கும் சத்தமில்லை. பிறகு ஏதோ சலசலத்தது. காய்ந்த சருகு நகர்கிற மாதிரி. சுமையா அம்மாவின் துப்பட்டியை இழுத்தாள்.

"அம்மா, அங்க பாருங்க! மணல் நடந்து வருது!"

மணல் இல்லை. தண்ணீர்! பழுப்பு நிறத்தில், நுரையும் சருகும் தலையில் சுமந்துகொண்டு, வாய்க்காலை அடைத்து வந்தது. முன்னால் பூச்சிகள் பறந்து ஓடின, தவளைகள் குதித்தன, மேலே கொக்குகள் கூடவே வந்தன. மணல் உறிஞ்சும் இடத்தில் கொஞ்சம் தயங்கும், பின்னாலிருந்து தள்ளியதும் மறுபடி பாயும்.

"ஓடு சுமையா!"

ஓடினார்கள். கரைமேல் அம்மாவும் மகளும், கீழே தண்ணீர். கொஞ்ச தூரத்தில் சஃபியாவுக்கு விலா பிடித்துக்கொண்டது. துப்பட்டி காலைத் தடுத்தது. கையிலிருந்த சின்னக் கை நழுவிவிட்டது. ஆனால் சுமையா நிற்கவில்லை! பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்க்காலைத் தலைசாய்த்துப் பார்த்துப் பார்த்து, தண்ணீருக்கு ஒரு கஜம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் உட்கார்ந்துவிடும் பிள்ளை அவள்தானா என்று சஃபியாவுக்கே நம்ப முடியவில்லை.

"கரை ஓரம் போகாதே! தள்ளி ஓடு!" என்று கத்திக்கொண்டே அவளும் விலாவைப் பிடித்தபடி பின்னால் ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"தண்ணி வருது! அத்தா, ஏறுங்க! தண்ணி வருது!"

வளைவு திரும்பியதும் அந்தக் கீச்சுக் குரல் மேட்டடியில் விழுந்தது. நெய்னா நிமிர்ந்தான். தன் மகள் ஓடி வருவதை அவன் பார்த்தான். மண்வெட்டியோடு அப்படியே நின்றுவிட்டான். காத்தான்தான் அவன் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினான். கடைசி ஆள் ஏறவும் தண்ணீர் வந்து மேட்டில் முட்டவும் சரியாக இருந்தது.

முட்டியது. ஏறியது. சுழன்றது. வெட்டிய இரண்டு ஓரங்களிலும் நூல்நூலாகக் கசிந்து, பிறகு கை அகலமாகி, பிறகு மண் கட்டிகட்டியாகச் சரியத் தொடங்கியது. "அண்ணே, இறங்குங்க!" என்று சாமிதுரையின் டிரைவரே கத்தினான். சாமிதுரை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் பார்த்தார். காலடியில் மண் நெகிழ்ந்தது. வேட்டியை வாரிக்கொண்டு ஒரே தாவாகத் தாவிக் கரையில் விழுந்தார். மேடு பொத்தென்று உள்ளே அமர்ந்தது. செம்மண்ணும் நுரையுமாகத் தண்ணீர் உடைத்துக்கொண்டு போக, முன்னால் நாற்காலி மிதந்து போயிற்று. கடைமடைப் பக்கமிருந்து குலவைச் சத்தம் எழும்பியது. பெண்கள் துப்பட்டியை உதறி ஆர்ப்பரித்தார்கள்.

நெய்னா மகளை வாரி எடுத்துத் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். அவள் நெஞ்சு படபடவென்று அடித்தது அவன் கழுத்தில் தெரிந்தது.

"எவ்வளவு வேகம் ஓடினே நீ!"

"தண்ணி என்னைத் தொடவே இல்ல அத்தா" என்றாள் அவள், மூச்சிரைத்துக்கொண்டே.

மதியத்துக்குள் பொதுப்பணித் துறையிலிருந்து ஜீப் வந்தது, பிறகு தாசில்தார் வந்தார். நில அபகரிப்பு என்ற சொல் ஊரெங்கும் ஒலித்த காலம் என்பதால் சாமிதுரை அதிகம் பேசவில்லை. வழி வேண்டுமானால் முறைப்படி அனுமதி வாங்கிப் பாலம் கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. முள்கம்பியை அவர் ஆட்களே சுருட்டினார்கள். மனைகள் போகவில்லை. அந்த வயல்கள் திரும்பி வரப்போவதும் இல்லை. ஆனால் கரை கரையாகவே இருந்தது.

இரண்டு நாள் கழித்து அம்சவல்லி வீடு தேடி வந்தாள். "நாத்தங்காலுக்கு வெதை விடறோம்க்கா. பாப்பாவை அழைச்சுக்கிட்டு வாங்க. எங்க வீட்டுக்காரருதான் சொல்லி அனுப்பிச்சாரு."

கமருன்னிஸாவும் சேர்ந்து நான்கு பேரும் கரையோடு நடந்தே போனார்கள். சேறு கலக்கிப் பரம்படித்த நாற்றங்கால் கண்ணாடி மாதிரி கிடந்தது. காத்தான் முளைகட்டிய விதைநெல் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி, சுமையாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லிக் கொட்டினான்.

"மொத வெதை நீ போடு கண்ணு. வீசிப் போடணும். ஒரே எடத்துல கொட்டப்படாது."

சுமையா சேற்றில் இறங்கினாள். முழங்கால்வரை புதைந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய் ஒரு வீச்சு வீசினாள். விதை பாதி வயலிலும் பாதி அவள் தலையிலும் விழுந்தது. வீசிய வேகத்தில் அவளும் தொப்பென்று உட்கார்ந்தாள். கமருன்னிஸா "அல்லாவே!" என்று ஓடப் பார்த்தாள். அதற்குள் பிள்ளை தானாகவே எழுந்துவிட்டது. பாவாடை, முகம், ஜடை எல்லாம் சேறு.

"அத்தா, நீங்களும் இறங்குங்க! அம்மா, நீங்களும்!"

நெய்னா வெள்ளுடுப்பில் வந்திருந்தான். சஃபியாவைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.